சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்லம்மா

எங்கள் வாடகைக் கார் ஓட்டுநர் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறதாம். "அண்ணே, நீங்க வெள்ளைக்காரவுகள வச்சு இம்புட்டு வருசம் ஓட்டிருக்கீக. அந்த அனுபவத்தக் கலகலப்பா எழுதிக் குடுங்க" என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். இப்போது அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் நிற்கிற பையன்கள் போனை நீட்டினால் போதும், வெள்ளைக்காரர் பேசுவதை அதுவே தமிழில் சொல்லிவிடுகிறது. அது இல்லாத காலத்தில் நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசை. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் கலகலப்புக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது ஒரே ஒரு சங்கதி. அதுவும் நல்லபடியாக முடிந்த சங்கதி இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

லாரியில் கிளீனராக ஏறியது, பஞ்சு மூட்டை மேல் படுத்துத் தூங்கியது, லைசென்ஸ் எடுத்தது, மினி பஸ் ஓட்டி அந்த ஓனரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது எல்லாம் எல்லா ஓட்டுநருக்கும் உள்ள கதைதான். அதை விடுகிறேன். அதற்கப்புறம் ஜமால் ராவுத்தரிடம் சேர்ந்தேன். கடைசி வரை அவரிடம்தான் இருந்தேன்.

ராவுத்தர் சவூதியில் ஒரு பெரிய வீட்டுக்குக் கார் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். வந்ததும் இரண்டு கார் வாங்கி டிராவல்ஸ் போட்டார். மற்றவர்கள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வண்டி விட்டுக்கொண்டிருக்க, அவர் கண் திருச்சுழி மேல் விழுந்தது. திருச்சுழியில் ஒரு மகான் பிறந்தார். அவர் பிறந்த வீட்டைப் பார்க்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆள் வருகிறது. மதுரை ஏர்போர்ட்டில் இறங்குவார்கள், காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டை வந்து அங்கிருந்து திருச்சுழி போவார்கள். அந்த வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். கோயிலுக்குள் ஒரு சுற்று. திரும்ப ஏர்போர்ட். இதற்கென்று நல்ல வண்டியும் நல்ல ஆளும் வேண்டும் என்று கணக்குப் போட்டவர் ராவுத்தர் ஒருவர்தான்.

முதலாளிகளில் அவர் தனி ரகம். என்னை வேலைக்கு எடுத்ததும் வண்டியைக் கொடுக்கவில்லை. தலையில் ஒரு தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இப்ப நாந்தான் வெள்ளைக்காரன். என்னய ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டுப் போ" என்றார். எங்கள் ஊர் பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரைக்கும் அவர் வெள்ளைக்காரராகவே வந்தார். இங்கிலீஷில் கேள்வி கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். உடனே தோளில் ஒரு தட்டு விழும்.

"தலைய ஆட்டாத மாரி. நீ ஆட்டுறது ஆமாவா இல்லையான்னு எனக்கே வெளங்கல, அவுகளுக்கு எப்படி வெளங்கும்? வாயால சொல்லு. எஸ்ஸுன்னா எஸ்ஸு, நோன்னா நோ."

வண்டிக்குள் ஊதுபத்தி கூடாது, மல்லிகைச் சரம் தொங்கக் கூடாது, அவர்களுக்குத் தும்மல் வரும். தண்ணீர் பாட்டிலை மூடி திறக்காமல் அவர்கள் கையில்தான் கொடுக்க வேண்டும். கோயிலுக்குச் செருப்பில்லாமல் போகிறவர்கள் வெயிலில் திரும்பி வரும்போது கால் பொத்துப் போகும். அதனால் ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்துக் கோயில் வாசலிலிருந்து கார் வரைக்கும் விரித்து வைக்க வேண்டும். இது ராவுத்தர் தானே யோசித்துக் கண்டுபிடித்தது. "கோயிலுக்குள்ள சாமி பாத்துக்கிரும். வாசலுக்கு வெளிய எம்பொறுப்பு" என்பார்.

கோபம் வந்தால் கத்த மாட்டார். சாவிக்குக் கையை நீட்டுவார். "நீ பின்னால ஏறு" என்பார். அவர் ஓட்ட, நாம் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். நாம் என்ன தப்புச் செய்தோமோ அதை ஒன்று விடாமல் அப்படியே செய்து காட்டிக்கொண்டு போவார். நான் ஒரு தடவை போனில் பேசிக்கொண்டே ஓட்டியதற்கு, ஆவியூர் வரைக்கும் இல்லாத மச்சானோடு போனில் பேசிக்கொண்டே என்னைக் கூட்டிப்போனார். இறங்கும்போது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதன் பிறகு வண்டியில் போனைத் தொட்டதே இல்லை.

இப்படித் தேறி, நான் நிறைய வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கினேன். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

உர்சுலா அம்மா முதல் தடவை வந்தபோது நான் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நெட்டை உருவம், குட்டையாக வெட்டிய நரை முடி. காரியாபட்டி தாண்டியதும் ஆட்டுக் கூட்டம் ஒன்று ரோட்டில் பாய்ந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். பக்கத்தில் அவர் காலும் தரையை அழுத்தியது. பயத்தில் அழுத்துகிறவர்கள் காலை வெடுக்கென்று நீட்டுவார்கள். இந்தக் கால் பதறாமல், அளவாக, என் கால் அழுத்திய அதே நேரத்தில் அழுத்தியது.

"யூ டிரைவர்?" என்று கேட்டேன். என் இங்கிலீஷ் அந்த அளவுதான்.

அவர் அப்படியொரு சிரிப்புச் சிரித்தார். மலைப்பாதையில் பஸ் ஓட்டியவராம், பென்ஷன் வாங்குகிற வரைக்கும் அதே வேலையாம். எந்த நாடு என்று நான் எழுதப்போவதில்லை. மலையும் பனியும் உள்ள ஐரோப்பிய நாடு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தை மாசமும் வந்தார். ராவுத்தருக்குப் போன் வரும், "மாரிச்சாமி வண்டி" என்று பெயர் சொல்லிக் கேட்பார். அவர் நின்று நிதானமாகப் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பழகிவிட்டது, என் உடைந்த இங்கிலீஷ் அவருக்குப் பழகிவிட்டது. நாங்கள் பேசியது சாமியும் இல்லை, தத்துவமும் இல்லை. ரோடுதான். பனியில் டயருக்கு இரும்புச் சங்கிலி மாட்டுவதை ஒரு தடவை என் துண்டை வாங்கி டயரில் சுற்றிச் செய்து காட்டினார். திருச்சுழியில் கடைக்காரர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பனி மூடினால் ரோடு எது பள்ளம் எது என்று தெரியாது, அதற்காக இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கம்பு நட்டு வைத்திருப்பார்களாம். இரண்டு கம்பு வரிசைக்கும் நடுவில் நம்பிப் போக வேண்டியதுதானாம். கரிசலில் ஒரு தூறல் போட்டால் மண் டயரைக் கவ்விக்கொண்டு விடாது, கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். "உன் மண்ணும் என் பனியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன" என்றார்.

மகான் வீட்டில் முதல் வருஷம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வர வர அந்த நேரம் குறைந்தது. பரளச்சியில் உள்ள எங்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார், கூட்டிப்போனேன். கொத்தமல்லிச் செடிக்கு நடுவில் நின்று ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தால் தரையில் உட்கார்ந்து கம்பு தோசையைப் பிய்த்துச் சாப்பிடுவார். என் மனைவி பஞ்சவர்ணத்துக்கு உர்சுலா என்று வாயில் நுழையாது. வெள்ளையம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். "வெள்ளையம்மா, இன்னொண்ணு வச்சுக்க" என்று தமிழிலேயே அதட்டுவாள். அவரும் தட்டை நீட்டுவார்.

ஒரு வருஷம் திரும்பிப் போகிற வழியில் சொன்னார்: "நீ எத்தனையோ வருடமாக என்னை உட்கார வைத்து ஓட்டுகிறாய். ஒரு தடவை நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும். என் காரில், என் மலையில், நான் ஓட்டுவேன்."

அது எனக்கு எவ்வளவு பெரிய வார்த்தை என்று ஓட்டுநர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுசு பூராவும் அடுத்தவரைக் கூட்டிப்போகிறோம். நம்மை ஒருத்தர் உட்கார வைத்து, 'நீ பேசாமல் பார்த்துக்கொண்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னதுண்டா? எனக்கு அன்றைக்குப் பிடித்த ஆசை பிறகு விடவே இல்லை. சாப்பிடும்போதும் அந்த மலை ரோடுதான், படுத்தாலும் அந்தக் கம்பு வரிசைதான்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போகாதவர்கள் இல்லை. துபாய், குவைத், சிங்கப்பூர் என்று போவார்கள். எல்லாம் சம்பாதிக்கப் போவது. சும்மா பார்க்கப் போகிறேன் என்று கிளம்பின ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. டீக்கடையில் என்னை வைத்துத்தான் பொழுது போகும். "ஏலே மாரி, பனியில போயி என்னத்தடா பண்ணப் போற? ஐஸ் விக்கவா?" "வெள்ளைக்காரி வண்டிய ஓட்டுவா, இவரு சன்னல் பக்கம் ஒக்காந்து காத்து வாங்குவாராம்ல!" பேசட்டும் என்று விட்டுவிடுவேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அடுத்த தையில் உர்சுலா அம்மா வரவில்லை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து பல மாசம் கழித்துப் போனில் பேசினார். இனி விமானத்தில் அவ்வளவு தூரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"இனி நான் அங்கே வர முடியாது, மாரி. நாம் பார்க்க வேண்டுமென்றால் நீதான் வர வேண்டும். டிக்கெட்டும் தங்குவதும் என் பொறுப்பு. ஊருக்குள் கார் ஓட்ட எனக்கு இன்னும் முடிகிறது. ஆனால் வயதானவர்களுக்கு நடத்தும் அடுத்த பரிசோதனையில் என் லைசென்ஸை வாங்கிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் வா."

வாரேன் என்றேன். சத்தியமாக வாரேன் என்றேன்.

பாஸ்போர்ட் எடுத்தேன். விசாவுக்கு என்ன வேண்டும் என்று ராவுத்தர் ஓடி ஓடி விசாரித்தார். நான் அங்கேயே தங்கிவிட மாட்டேன், திரும்பி வந்துவிடுவேன் என்று விசா கொடுக்கிறவர்கள் நம்ப வேண்டும். அதற்கு எனக்கு இங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். பட்டா, வீட்டு வரி ரசீது, பிள்ளைகள் விவரம் எல்லாம் சேர்த்தாயிற்று. இண்டர்வியூவுக்கு ராவுத்தரே பாடம் நடத்தினார். பழைய தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் விசா அதிகாரியாக உட்கார்ந்தார்.

"வாட் டூ யூ ஹேவ் இன் இந்தியா?"

"ஐ ஹேவ் ஓன் ஹவுஸ், சார். ஐ ஹேவ் த்ரீ ஏக்கர் லேண்ட், சார். மை ஒய்ஃப் வெயிட்டிங், சார். ஐ வில் கம் பேக், சார்."

"சத்தமாச் சொல்லு. திருடுன நெலமா அது?"

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். குளிக்கும்போதும் அதையே சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பஞ்சவர்ணம், "என்ன எழவோ, மந்திரிச்சு விட்ட மாதிரி பேசிக்கிட்டுத் திரியுறாக" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாளாம்.

சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு "குட் மார்னிங் சார்" என்றேன். அவர் பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினார். தமிழ்ப் பெண், என் மகள் வயசு இருக்கும். நெற்றியில் சின்னதாகத் திருநீறு வைத்திருந்தது.

"தமிழ்லயே சொல்லுங்கய்யா, நான் அவருக்குச் சொல்லிக்கிறேன். எந்த ஊரு உங்களுக்கு? அருப்புக்கோட்டையா? எங்க சித்தியக் கூட விருதுநகர்லதான் குடுத்திருக்கு."

எனக்கு உயிர் வந்தது. நம் பிள்ளை. இத்தனை நாள் மனப்பாடம் செய்த பயமெல்லாம் இறங்கிவிட்டது. மனப்பாடம் செய்ததும் அதோடு சேர்ந்து இறங்கிவிட்டது. அது எனக்குத் தெரியவில்லை.

"ஊர்ல சொத்து ஏதும் இருக்காய்யா?" என்று அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டது.

"சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்லம்மா. ஏதோ பொழப்பு ஓடுது."

அது அதிகாரியிடம் சொன்னது. அவர் என் பட்டா நகலைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். "இதுல நிலம்னு போட்டிருக்கே, உங்களுதுதானே?"

"அது மானாவாரிம்மா. மழ பேஞ்சா உண்டு, பேயாட்டி இல்ல. அத நெலம்னே சொல்ல முடியாது."

"பிள்ளைங்க உங்க கூட இருக்காங்களா?"

"அதுக அதுக சோலியப் பாத்துக்கிட்டுப் போயிருச்சுகம்மா. நம்மள யாரு நெனைக்கிறா."

"வீட்ல அம்மா தனியா இருப்பாங்களே, உங்களத் தேட மாட்டாங்களா?"

"அவளா? நா இல்லாட்டி நிம்மதியா இருப்பா."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். அப்புறம் அது அதிகாரி பக்கம் திரும்பி நான் சொன்னதை எல்லாம் இங்கிலீஷில் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.

எங்கள் பக்கத்தில் இருப்பதை இருக்கிறது என்று சொன்ன ஆளை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? வீடு நிறைய மிளகாய் வற்றல் குவிந்து கிடக்கும், கேட்டால் "ஏதோ கைச் செலவுக்கு ஆகும்" என்போம். என் மகன் திருப்பூரிலிருந்து நல்ல நாள் தவறாமல் வந்துவிடுவான். மகள் தினம் போன் பண்ணி "அப்பா, மாத்திரை போட்டாச்சா" என்பாள். பஞ்சவர்ணம் நான் வண்டியை விட்டு இறங்குகிற வரைக்கும் சாப்பிட மாட்டாள். இதையெல்லாம் வாய் விட்டுச் சொல்வது பெருமையடிப்பது. கண் பட்டுப் போகும். அதனால் இல்லை என்போம். கேட்கிறவரும், 'ஓகோ, நன்றாகத்தான் இருக்கிறார்' என்று புரிந்துகொள்வார். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. ராவுத்தர் இங்கிலீஷில் கேட்டபோது அது வெள்ளைக்காரர் கேள்வி, பாடத்தை ஒப்பித்தேன். நம் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒன்று தமிழில் கேட்டதும் நம் வீட்டுப் பதில் வந்துவிட்டது.

வெளியே வந்து சந்தோஷமாக ராவுத்தருக்குப் போன் போட்டேன். "நல்ல தங்கமான பிள்ள முதலாளி. ரொம்ப மரியாதையாப் பேசுச்சு. நானும் மரியாதையாப் பேசுனேன்."

"என்ன சொன்ன? அப்படியே சொல்லு."

சொன்னேன். "அடப்பாவி மாரி, படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா" என்றார். என்னை அவர் 'டா' போட்டது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வருவீர்கள் என்று நம்பக் காரணம் இல்லை என்று பதில் வந்தது. அதை மகன் தமிழில் படித்துச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. எத்தனை ஆயிரம் தடவை இந்த ஊரை விட்டுக் கிளம்பி எத்தனை ஆயிரம் தடவை திரும்பி வந்திருக்கிறேன்! திரும்பி வருவதைத் தவிர நான் வேறென்ன செய்தேன்?

உர்சுலா அம்மா விடவில்லை. "நான் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அவர் நிலத்தில் நின்றிருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தார். மறுபடி விண்ணப்பித்தோம். இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொத்து இல்லை என்று போன தடவை என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன், இப்போது இருக்கிறது என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் சரிதான். அந்தச் சரிதான் என்னைக் கொன்றது. தப்பு என்றால் சண்டையாவது போடலாம்.

மறுத்த காரணத்தை உர்சுலா அம்மாவுக்கும் எழுதியிருந்தார்களாம், போனில் கூப்பிட்டார்.

"நிலம் இல்லை என்று நீயே சொன்னாயாமே. பிள்ளைகள் உன்னை நினைப்பதில்லை என்றாயாமே. ஏன்?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கண் படுவதையும் பெருமை பேசக் கூடாது என்பதையும் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியென்றால் இல்லை என்று நீ சொன்னால் இருக்கிறது என்று அர்த்தமா?"

"சில நேரம், அம்மா."

"ஒரு தடவை உனக்குக் காய்ச்சல் போல இருந்தது. ஓட்ட முடியுமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாய். அப்போது காய்ச்சல் இருந்ததா?"

இருந்தது. அன்றைக்குக் கண் மங்கலாகத்தான் ஓட்டினேன். இருந்தது என்று ஒப்புக்கொண்டேன்.

"நான் அடிக்கடி வருவது உங்களுக்குத் தொந்தரவா என்று உன் மனைவியிடம் கேட்கச் சொன்னேன். இல்லவே இல்லை என்றாய். அது?"

"அது நெசம், அம்மா. அது நெசம்."

"எனக்கு எப்படித் தெரியும், மாரி?"

கோபமாகக் கேட்கவில்லை. அழுதுகொண்டு கேட்டார். எத்தனையோ தை மாசங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது நிஜமா, இது மரியாதைக்குச் சொன்னதா என்று அவர் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் நிஜம் என்று நான் சொன்னாலும், அதுவும் மரியாதைக்குச் சொன்னதாகத்தானே ஆகும்? விசா போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய இழப்பு. ஒரு மனுஷிக்கும் எனக்கும் நடுவில் நாங்களே போட்ட ரோடு ஒன்று இருந்தது. அது இடிந்து விழுவதை நான் காதால் கேட்டேன்.

அதற்குப் பிறகும் பேசினோம். வெயில் எப்படி, பனி எப்படி என்று பேசினோம். லைசென்ஸை வாங்கிவிட்டார்கள் என்று ஒரு நாள் சொன்னார். அப்புறம் போன் வருவது குறைந்தது. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருக்கும். ராவுத்தர் கூப்பிட்டார். "மாரி, ஒரு புக்கிங் வந்திருக்கு. ஒங்க உர்சுலா அம்மா குடும்பப் பேருதான் போட்டிருக்கு. மாரிச்சாமி வண்டின்னு கேக்குறாக."

நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பஞ்சவர்ணம் கம்பு ஊற வைத்தாள். ஏர்போர்ட் வாசலில், சக்கர நாற்காலி ஏதும் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு இளம் பெண் தனியாக வந்து, "மாரிச்சாமியா? நான் லேனா. உர்சுலா என் அத்தை" என்றார்.

"அம்மா வரலயா?"

அவர் முகம் மாறியது. "உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

போன பனிக்காலத்திலேயே இறந்துவிட்டாராம். முதியோர் இல்லத்தில். என்னைத் தேடி யார் சொல்வார்கள், நான் அவர்களுக்கு யார்? பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தேன். லேனா பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

பாளையம்பட்டி வந்ததும், "உங்கள் வீடு இங்கேதானே? பார்க்கலாமா?" என்று கேட்டார். பஞ்சவர்ணம் வாசலுக்கு ஓடி வந்து, வெள்ளையம்மாவைத் தேடினாள். நான் சொன்னேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

லேனா வீட்டை மேலும் கீழும் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பாக நினைக்கக் கூடாது. அத்தை கடைசியில் நிறையக் குழம்பிப்போனார். இந்தியா போனால் ஒன்று பார்த்து வா, நான் சாப்பிட்ட வீடு மாரியுடைய சொந்த வீடுதானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இது உங்கள் வீடுதானே?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஆமா. எஸ். என் வீடு. மை ஓன் ஹவுஸ்" என்றேன். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். "பரளச்சியில மூணு ஏக்கர் இருக்கு, நல்ல நெலம், என் நெலம். இவ என் பொண்டாட்டி, நா வராட்டி சோறு திங்க மாட்டா. என் மகன் தங்கம். என் மக தெனம் பேசுவா. எனக்கு எல்லாம் இருக்கு. எல்லாம் இருந்துச்சு." எது இங்கிலீஷ், எது தமிழ் என்று எனக்கே தெரியவில்லை.

பஞ்சவர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து என் கையைப் பிடித்தாள். "ஏங்க, இப்படியா வாய் விட்டுச் சொல்லுவாக, போதும் விடுங்க" என்றாள்.

லேனா மெதுவாகத் தலையசைத்தார். "நல்ல வீடு" என்றார். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டார்.

அன்றைக்கே திருச்சுழி போய்த் திரும்பினோம். ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். லேனா கை கொடுத்து, முகம் நிறையச் சிரித்து, "நீங்கள் ஒரு தடவை எங்கள் நாட்டுக்கு அவசியம் வர வேண்டும்" என்றார். எப்போது, எப்படி, யார் வீட்டுக்கு என்று ஒன்றுமில்லை. சொல்லும்போதே கை பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தது. உர்சுலா அம்மா கூப்பிட்டது நிஜமாகக் கூப்பிட்டது. இது, வழியில் பார்த்தவரை "ஒரு நாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்க" என்று நாம் சொல்கிறோமே, அது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"கண்டிப்பா வாரேம்மா" என்றேன்.

அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். எப்போது என்று கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரரும் நானும் ஒருவரையொருவர் கொஞ்சமும் பிசகில்லாமல் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அவர் உள்ளே போனார். நான் ஊருக்குத் திரும்பி ராவுத்தரிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன்.